சத்தியமங்கலம் வட்டாரத்து வாய்மொழிப் பதிவுகளை எப்படிக் காப்பது?

சத்தியமங்கலம், பவானிசாகர், புன்செய்ப் புளியம்பட்டிப் பகுதிகளைச் சேர்ந்த வாசகர் வட்டத்து நண்பர்கள் கேட்டிருக்கும் கேள்வி இது. ஏறத்தாழ இருபது ஆண்டுகளாக அவர்கள் தங்கள் வட்டாரத்து முதியவர்களைச் சந்தித்து, அவர்கள் சொன்னவற்றைப் பதிவு செய்து வந்திருக்கிறார்கள். பவானிசாகர் அணைக்குள் மூழ்கிய ஊர்களிலிருந்து வெளியேறியவர்கள், தறிக்காரர்கள், பண்ணையங்களில் வேலை செய்த அருந்ததியர், தாளவாடியில் கன்னடம் பேசும் உழவர்கள், கடம்பூர் மலையின் ஊராளிப் பழங்குடியினர், ஆசனூர்ப் பக்கத்துச் சோளகப் பழங்குடியினர், புளியம்பட்டிச் சந்தையில் மாட்டு வியாபாரம் செய்த இராவுத்தர் குடும்பத்தினர் எனப் பலரும் அதில் பேசியிருக்கிறார்கள். பதிவுகளில் பாதி கேசட்டுகளிலும் மீதி மெமரி கார்டுகளிலும் பழைய கைப்பேசிகளிலும் கிடக்கின்றன. பேசியவர்களில் பலர் இப்போது இல்லை. சில கேசட்டுகளில் பூஞ்சை தெரிகிறது. எல்லாவற்றையும் கணினிக்கு மாற்றி இணையத்தில் ஏற்றிவிட்டால் போதுமா என்று கேட்கிறார்கள்.

போதாது. அதைவிட முக்கியமாக, அதை முதல் வேலையாகவும் செய்யக் கூடாது. ஒரு வாய்மொழிப் பதிவில் காக்க வேண்டியவை இரண்டு. ஒன்று ஒலி. மற்றொன்று, அந்தக் குரல் யாருடையது, யாரிடம், எந்தச் சூழலில், என்ன நம்பிக்கையின் பேரில் பேசியது என்ற விவரம். ஒலியை மீட்பதற்குக் கருவிகளும் தொழில்நுட்பம் அறிந்தவர்களும் இருக்கிறார்கள். கொஞ்சம் பணமும் பொறுமையும் இருந்தால் அடுத்த ஆண்டுகூட அதைச் செய்யலாம். இரண்டாவது விவரமோ உங்கள் வட்டத்தில் பதிவுக்குப் போன நான்கைந்து பேரின் நினைவில் மட்டுமே இருக்கிறது. அவர்களில் ஒருவர் போய்விட்டால் எத்தனை செலவு செய்தாலும் அதைத் திரும்பப் பெற முடியாது. பெயரும் ஊரும் தெரியாத ஒரு பாட்டியின் குரல் எவ்வளவு தெளிவாகக் கேட்டாலும், அது அவருடைய பேரப்பிள்ளைகளுக்கும் பயன்படாது, வரலாறு எழுதுபவருக்கும் பயன்படாது.

ஆகவே முதலில் ஒரு கனமான நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு, பதிவுக்குப் போனவர்கள் எல்லோரும் ஒன்றாக உட்காருங்கள். ஒவ்வொரு கேசட்டுக்கும் ஒவ்வொரு கோப்புக்கும் ஓர் எண் கொடுத்து, பேசியவர் பெயர், அவர் தம்மை அழைத்துக்கொண்ட விதம், ஏறத்தாழ வயது, பிறந்த ஊர், வாழ்க்கைப்பட்ட ஊர், செய்த தொழில், வீட்டில் பேசிய மொழி, பதிவான நாள், இடம், கேள்வி கேட்டவர், உடனிருந்தவர்கள் ஆகியவற்றை நினைவுக்கு எட்டியவரை எழுதுங்கள். உறுதியாகத் தெரியாததை ‘ஏறத்தாழ’ என்று குறித்து வையுங்கள். கேசட்டின் அட்டையில் பென்சிலால் கிறுக்கியிருக்கும் குறிப்பையும் ஒளிப்படம் எடுத்துக்கொள்ளுங்கள்; பல இடங்களில் நாளைச் சொல்லும் ஒரே சான்றாக அதுவே இருக்கும்.

உடனிருந்தவர் யார் என்பதை நான் வற்புறுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. தோட்டக்காரர் திண்ணையில் உட்கார்ந்திருக்க, அவரிடம் முப்பது ஆண்டுகள் வேலை செய்தவர் நின்றுகொண்டே சொன்ன கதையும், அதே மனிதர் தம் வீட்டு வாசலில் கட்டிலில் உட்கார்ந்து சொன்ன கதையும் ஒன்றாக இருக்காது. முன்னதில் கூலியும் கம்புத் தானியமும் குறைவில்லாமல் கிடைத்திருக்கும். பின்னதில் தனிக் குவளையும் வட்டிக் கணக்கும் வரும். இரண்டுமே அவர் சொன்னவைதாம். எது எந்தச் சூழலில் சொல்லப்பட்டது என்ற குறிப்பு இல்லாவிட்டால், பின்னால் வருபவர் முன்னதையே முழு உண்மை என்று எடுத்துக்கொள்வார். மாமியாரும் கணவரும் பக்கத்தில் இருக்கும்போது பேசிய பெண்களின் பதிவுகளுக்கும் இது பொருந்தும்.

கேட்பவர் மாறினால் சொல்வதும் மாறும் என்பதற்குக் கொங்கு நாட்டிலேயே நல்ல சான்று இருக்கிறது. மானிடவியலாளர் பிரெண்டா பெக் 1960களின் நடுவில் காங்கேயம் அருகே ஓலப்பாளையத்தில் தங்கியிருந்தபோது, பொன்னர் சங்கர் கதை என்றும் சொல்லப்படும் அண்ணன்மார் கதையை ஊரார் முன் பாடக் கேட்டு ஒலிநாடாவில் பதிவு செய்தார். அதே பாடகர் பின்பு ஒருவர் எழுதிக்கொள்வதற்காகச் சொன்ன வடிவம் அதிலிருந்து வேறுபட்டது. எது எங்கே, யார் முன் நிகழ்ந்தது என்ற விவரம் ஒலியோடு சேர்ந்தே இருந்ததால்தான் அந்த வேறுபாட்டைப் பற்றிப் பேச முடிந்தது. பாடப்பட்ட வடிவம் 1992இல் தமிழ் மூலத்தோடும் ஆங்கில மொழிபெயர்ப்போடும் அச்சில் வந்தது. பதிவுக்கும் நூலுக்கும் இடையில் கால் நூற்றாண்டுக்கு மேல் இடைவெளி இருப்பதைக் கவனியுங்கள். உங்கள் பதிவுகளும் அவ்வளவு காலம் காத்திருக்க வேண்டி வரலாம். அப்போது விளக்கம் சொல்ல நீங்கள் பக்கத்தில் இருக்க மாட்டீர்கள்.

உங்கள் வட்டாரத்தில் மொழியும் ஒரு சிக்கல். சோளகருடைய பேச்சு கன்னடத்துக்கு நெருக்கமானது. தேவாங்கர் வீடுகளில் கன்னடமோ தெலுங்கோ, அருந்ததியர் பலர் வீடுகளில் தெலுங்கு. கேட்டவருக்குத் தமிழ் மட்டுமே தெரிந்திருந்தால், அவர்கள் தங்களுக்கு இரண்டாவதான மொழியில், சொல் தேடித் தேடிப் பேசியிருப்பார்கள். அதைக் குறித்து வையுங்கள். அவர்களில் இன்னும் இருப்பவர்களிடம், அவர்கள் பேரனையோ மகளையோ கேள்வி கேட்க வைத்து, அதே செய்திகளை வீட்டு மொழியில் மீண்டும் ஒருமுறை பதிவு செய்யுங்கள். பழைய பதிவு அதனால் வீணாகாது. இரண்டும் பக்கம் பக்கமாக இருந்தால் மதிப்பு கூடும்.

இனி ஒலிக்கு வருகிறேன். காந்த நாடாக்களைப் பற்றிய அவசரம் உலகெங்கும் உணரப்பட்டதுதான். 2019இல் யுனெஸ்கோ அமைப்பு, ஒலி ஒளி ஆவணக் காப்பகங்களின் பன்னாட்டுச் சங்கத்தோடு சேர்ந்து இதற்கென்றே ஓர் எச்சரிக்கைத் திட்டத்தைத் தொடங்கியது. நாடா கெடுவதைவிட அதை ஓட்டும் நல்ல கருவிகளும் உதிரி பாகங்களும் பழுது பார்ப்பவர்களும் மறைந்துவருவதே பெரிய ஆபத்து என்பது அதன் சாரம். எனவே கேசட்டுகளை முதலிலும் மெமரி கார்டுகளை அடுத்தும் எடுத்துக்கொள்ளலாம் என்று தோன்றும். ஆனால் பழைய கைப்பேசிகளையும் கார்டுகளையும் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள். கேசட் சிறிது சிறிதாகக் கெடும். கார்டு எந்த அறிகுறியும் இல்லாமல் ஒரே நாளில் மொத்தமாகப் போய்விடும். கோப்புகளை நகலெடுப்பது ஓர் ஞாயிற்றுக்கிழமை வேலைதான், அதை முதலில் முடித்துவிடுங்கள்.

பூஞ்சை பிடித்த கேசட்டை ஓட்டிப் பார்க்கவே கூடாது. பூஞ்சை கருவியின் தலைப்பகுதிக்கு ஏறி, அடுத்து ஓட்டும் நல்ல நாடாவையும் கெடுக்கும். அவற்றைத் தனியே பிரித்து, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிய டப்பாவில் ஈரமில்லாமல் வைத்து, அனுபவம் உள்ளவரிடம் கொடுங்கள். தொடும்போது முகக்கவசம் அணியுங்கள். மற்றக் கேசட்டுகளில் முதலில் பின்புறத்துச் சிறு பிளாஸ்டிக் தட்டுகளை உடைத்துவிட்டால், தவறியும் அவற்றின் மேல் வேறொன்று பதிவாகாது. பிறகு நாடாவை ஒருமுறை முன்னும் பின்னும் முழுக்கச் சுற்றி இறுக்கத்தைச் சரி செய்ய வேண்டும். உள்ளே அழுத்தித் தாங்கும் கம்பளித் துண்டு உதிர்ந்திருந்தால், நாடாவைக் கழற்றித் திருகாணி வைத்த வேறு கூட்டுக்கு மாற்றலாம். கருவியின் தலைப்பகுதியை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் ஒவ்வொரு சில கேசட்டுகளுக்கும் ஒருமுறை துடைக்க வேண்டும். தலைப்பகுதியின் சாய்வைச் சரி செய்யும் சிறு திருகாணி ஒன்று இருக்கும். ஒவ்வொரு கேசட்டுக்கும் குரல் மிகத் தெளிவாகக் கேட்கும் இடத்தில் அதை நிறுத்துவது பழகியவர்கள் செய்ய வேண்டிய வேலை. மங்கிப்போனதாக நாம் கைவிடும் பேச்சு பல வேளைகளில் இந்தத் திருத்தத்திலேயே தெளிவாகிவிடும்.

மாற்றும்போது நொடிக்கு 48,000 மாதிரிகள், 24 பிட் ஆழம் என்ற அளவுக்குக் குறையாமல், சுருக்கப்படாத வேவ் கோப்பாகச் சேமியுங்கள். அதே பன்னாட்டுச் சங்கம் பரிந்துரைக்கும் குறைந்தபட்ச அளவு இது. இரைச்சலை நீக்கும் மென்பொருள்களை மூலக் கோப்பின் மேல் பயன்படுத்தாதீர்கள். கேட்பதற்கென்று ஒரு நகல் எடுத்து அதில் வேண்டுமானால் செய்துகொள்ளலாம். தறியின் சத்தமும் கோழி கூவுவதும் இரைச்சல் என்று நீக்கப்பட்டால், அது எந்த இடத்தில் சொல்லப்பட்டது என்பதற்கான சான்றும் போய்விடும். கைப்பேசியில் எம்பி3 ஆகவோ வேறு வடிவிலோ பதிவானவற்றை அப்படியே வையுங்கள். அவற்றை வேவ் ஆக்குவதால் தரம் கூடாது. வாட்ஸ்அப் வழியே ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்ட நகலை மூலமாகக் கொள்ளாதீர்கள், குறிப்பாகக் காணொளிகளை அது சுருக்கிவிடும்.

இந்த அளவில் ஒரு மணி நேர ஒற்றைத் தடப் பதிவு ஏறத்தாழ 520 மெகாபைட் வரும். நூறு மணி நேரம் 52 கிகாபைட்டுக்குள் அடங்கும். இன்றைக்கு அது ஒரு சிறிய வன்தட்டின் மூலைக்குக் காணாது. எனவே இடம் ஒரு பிரச்சினையே இல்லை. மூன்று நகல்கள் வையுங்கள். அவற்றில் ஒன்று வேறு வகைச் சேமிப்பிலும், ஒன்று வேறு ஊரிலும் இருக்கட்டும். சத்தியமங்கலத்தில் இரண்டு, கோயம்புத்தூரிலோ ஈரோட்டிலோ ஒன்று என்பது நல்ல ஏற்பாடு. ஒவ்வொரு கோப்புக்கும் ஷா-256 போன்ற சரிபார்ப்பு எண்ணைக் கணக்கிட்டு எழுதி வைத்து, ஆண்டுக்கு ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள். எண் மாறியிருந்தால் அந்தக் கோப்பு கெட்டிருக்கிறது என்று பொருள். மற்ற நகலிலிருந்து மீட்டுக்கொள்ளலாம். வன்தட்டுகளை ஐந்தாண்டுக்கு ஒருமுறை மாற்றிவிடுவது நல்லது. மாற்றி முடித்த பிறகும் கேசட்டுகளைத் தூக்கி எறிய வேண்டாம்.

உங்கள் தொகுப்பில் என்னை மிகவும் கவலைப்பட வைப்பது ஒப்புதல் பற்றிய பகுதி. இருபது ஆண்டுகளுக்கு முன் ஒரு முதியவர் ‘சரி, புடிச்சுக்கோ சாமி’ என்று சொன்னது, தம் எதிரில் இருந்த இளைஞரின் சிறிய டேப்புக்கு அவர் தந்த ஒப்புதல். உலகில் எவரும் எந்நேரமும் கேட்கக்கூடிய இணையத்துக்கு அவர் சம்மதித்ததாக அதைக் கொள்ள முடியாது. பதிவு செய்ய, வைத்திருக்க, எழுத்தாக்க, ஊருக்குள் கேட்க வைக்க, இணையத்தில் போட, நூலில் அச்சிட, கணினிக்குப் பேச்சு கற்பிக்கும் திட்டங்களுக்குக் கொடுக்க என ஒவ்வொன்றும் தனித் தனிச் சம்மதம். இருப்பவர்களிடம் திரும்பப் போய், அவர்கள் பேசியதைப் போட்டுக் காட்டி, ஒவ்வொன்றாகக் கேளுங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவரிடம் கைரேகை வாங்குவதைவிட, அவர் பதிலையே ஒலியாகப் பதிவு செய்வது மரியாதையானது.

இறந்தவர்களுக்காகக் குடும்பத்தாரிடம் கேட்க வேண்டும் என்பது பொது விதி. ஆனால் குடும்பத்தின் நலனும் பேசியவரின் விருப்பமும் ஒன்றாகவே இருக்கும் என்று எண்ணிவிட முடியாது. பிறந்த வீட்டில் தமக்கு மறுக்கப்பட்ட நிலத்தைப் பற்றி ஒரு பெண் சொல்லியிருந்தால், அந்நிலத்தை வைத்திருக்கும் அண்ணன் மக்கள் அதை அழிக்கச் சொல்லலாம். அப்படிப்பட்ட இடங்களில் அழிக்கவும் வேண்டாம், வெளியிடவும் வேண்டாம். இன்ன ஆண்டு வரை மூடி வைப்பது என்று ஓர் ஆண்டைக் குறிப்பிட்டு எழுதிவிடுங்கள்.

மலைக் கிராமங்களின் பதிவுகளில் இன்னும் கவனம் வேண்டும். வீரப்பன் தேடுதல் வேட்டைக் காலத்தில் அந்த மக்களுக்கு நேர்ந்த கொடுமைகள் பற்றி விசாரிக்க, தேசிய மனித உரிமை ஆணையம் 1999இல் நீதிபதி சதாசிவா தலைமையில் குழு அமைத்தது. அந்தக் காலத்தைப் பற்றிப் பேசியவர்கள் பெயர்களைச் சொல்லியிருப்பார்கள். சொல்லப்பட்டவர்களும் சொன்னவர்களும் அவர்களின் பிள்ளைகளும் இன்னும் அதே மலையில் வாழ்கிறார்கள். பெண்கள் சொன்னவற்றை அவர்களே கேட்டு முடிவு செய்யும் வரை உங்கள் வட்டத்துக்குள்கூடப் பொதுவில் போட்டுக் கேட்காதீர்கள். மலைக் கிராமங்களில் தனிநபரின் சம்மதத்தோடு ஊர்ப் பெரியவர்களையும் கூட்டிக் கேட்பது பொருத்தம். சாவு வீட்டில் மட்டும் பாட வேண்டிய பாட்டு, தெய்வத்தின் முன் மட்டும் சொல்ல வேண்டிய பெயர் என்று அவர்கள் எதையாவது ஒதுக்கினால் அதை அப்படியே ஏற்றுக்கொள்ள வேண்டும். பாடல்களைப் பொறுத்தவரை சட்டமும் பாடியவர் பக்கம் இருக்கிறது: இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் நிகழ்த்துநருக்கான உரிமை 50 ஆண்டுகள் நீடிக்கிறது. கருவி உங்களுடையது என்பதால் பாட்டு உங்களுடையதாகிவிடாது.

ஆகவே தொகுப்பை மூன்றாகப் பிரியுங்கள்: யாரும் கேட்கலாம் என்பவை, அனுமதி கேட்டு வந்து கேட்க வேண்டியவை, குறித்த ஆண்டு வரை மூடப்பட்டவை. ஐயம் வந்தால் இரண்டாம் பிரிவில் வையுங்கள். பொதுவில் ஏறிய ஒலியைத் திரும்ப வாங்க வழியே இல்லை.

கோப்புகளுக்குப் பெயரிடும்போது ஊர், ஆண்டு, எண் மட்டும் போதும். சாதியைப் பெயரில் சேர்க்காதீர்கள். சாதி விவரம் பட்டியலில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கொங்கு நாட்டின் வரலாற்றைப் புரிந்துகொள்ளவே முடியாது. ஆனால் அது பேசியவர் சொன்ன சொல்லில், அவர் சம்மதித்த அளவில் இருக்கட்டும். பேச்சில் வரும் இழிசொற்களை ஒலியிலிருந்து வெட்ட வேண்டாம், தலைப்பிலும் சுருக்கத்திலும் எடுத்தாளவும் வேண்டாம்.

எழுத்தாக்கம்தான் அதிக நேரம் பிடிக்கும். ஒரு மணி நேரப் பேச்சை எழுத ஆறு முதல் பத்து மணி நேரம் ஆகும். சோளகர், ஊராளி பேச்சுக்கு இன்னும் கூடும். எல்லாவற்றையும் எழுத முடியாவிட்டால், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை என்ன பேசப்படுகிறது என்று ஒருவரி எழுதி வைத்தாலே தேடுவதற்குப் பெரிய உதவி. எழுதும்போது பேச்சைத் திருத்தாதீர்கள். திருவிழாவை ‘நோம்பி’ என்றால் நோம்பி, விருந்தாளியை ‘ஒறம்பரை’ என்றால் ஒறம்பரை. பொதுத்தமிழ்ச் சொல்லைத் தேடல் குறிப்பில் தனியே சேர்த்துக்கொள்ளலாம். ஒருவர் எதிரிலிருப்பவரை எத்தனை முறை ‘சாமி’ என்றும் ‘எசமான்’ என்றும் விளித்தார் என்பதும் வரலாறுதான், அதையும் விடாமல் எழுதுங்கள். பேச்சை எழுத்தாக்கும் மென்பொருள்கள் முதல் வரைவுக்கு உதவும். கொங்குப் பேச்சில் அவை நிறையத் தடுமாறும். சோளகர் பேச்சுக்கு அவற்றை நம்பவே வேண்டாம். மேலும், அவற்றில் பல ஒலியை வெளியிலுள்ள கணினிகளுக்கு அனுப்புகின்றன. மூடி வைத்த பதிவுகளை அவற்றில் ஏற்றினால் நீங்கள் கொடுத்த வாக்கு உடைகிறது.

இவை எல்லாவற்றையும்விட நல்ல விவரப்பட்டியல் ஊரில்தான் தயாராகும். திறந்த பிரிவுப் பதிவுகளை அந்தந்த ஊர் நூலகத்திலோ கோயில் மண்டபத்திலோ காலனிச் சாவடியிலோ உட்கார்ந்து போட்டுக் கேட்க வையுங்கள், பக்கத்தில் ஒருவர் நோட்டோடு இருக்கட்டும். பவானிசாகர் அணையைக் கட்டிய, 1948இல் தொடங்கி 1955இல் முடிந்த கீழ்பவானித் திட்டத்துக்காக ஊரை விட்டவர்களின் பதிவைக் கேட்கும்போது, எந்தக் கிணறு யாருடையது, எந்தச் சந்தைத் தடம் எங்கே போனது, அணைக்குள் மூழ்கிய டணாயக்கன் கோட்டைப் பக்கத்துக் கோயில் நோம்பியில் யாருக்கு என்ன முறை என்று கேட்பவர்கள் ஒருவரை ஒருவர் திருத்துவார்கள். நீர் வற்றும் ஆண்டுகளில் பழைய கோயில் வெளியே தெரியும்போது அங்கே போய்ப் பார்த்தவர்களும் அதில் இருப்பார்கள். திட்டம் தொடங்கியபோது பத்து வயதாக இருந்தவர்கள் இப்போது தொண்ணூறை நெருங்குகிறார்கள். இந்தக் கூட்டங்களை அடுத்த கோடைக்குத் தள்ள வேண்டாம். அதே அணைக் கால்வாயால் 2 லட்சம் ஏக்கருக்கு மேல் நிலம் பாசனம் பெற்றது. தண்ணீர் கிடைத்தவர்களின் பேரர்களும் ஊரை இழந்தவர்களின் பேரர்களும் ஒரே இடத்தில் உட்கார்ந்து இரு தரப்புப் பதிவுகளையும் கேட்பது நடந்தால், உங்கள் இருபது ஆண்டு உழைப்புக்கு அதைவிடப் பெரிய பயன் எனக்குத் தோன்றவில்லை. பேசியவர் குடும்பத்துக்கு ஒரு பென் டிரைவில் நகல் கொடுப்பதை இதற்கு முன்பே முடித்துவிடுங்கள்.

பட்டியல் முடிந்ததும் யார் விடுபட்டிருக்கிறார்கள் என்பதும் தெரியும். பெரும்பாலும் பெண்கள் குறைவாக இருப்பார்கள். நிலமற்றவர்கள் இன்னும் குறைவாக. திருப்பூர்ப் பக்கத்து ஆலைகளுக்கு வேலைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்ட ஒடிசா, பீகார்க் குடும்பங்கள் அறவே இருக்க மாட்டார்கள். அவர்களும் இந்த மண்ணின் வரலாற்றில் சேர்ந்துவிட்டவர்கள்.

கடைசியாக, நிறுவனங்கள். சென்னையின் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், புதுச்சேரியின் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் போன்ற இடங்களோடு பேசிப் பாருங்கள். பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் நிலை ஆவணத் திட்டம் ஒலிப் பதிவுகளுக்கும் நல்கை தருகிறது. மூலப் பொருள்கள் நாட்டை விட்டு வெளியே போகக் கூடாது என்பது அதன் விதி. எங்கே கொடுத்தாலும் நகலைக் கொடுங்கள், உரிமையைக் கொடுக்காதீர்கள். உங்கள் மூன்று பிரிவுகளும் அப்படியே பின்பற்றப்படும், பேசியவரோ குடும்பமோ கேட்டால் பதிவு திரும்பப் பெறப்படும் என்ற இரண்டு வரிகள் ஒப்பந்தத்தில் இல்லாமல் கையெழுத்திட வேண்டாம். உங்கள் வட்டத்திலும், சமூகத்துக்கு ஒருவராவது இடம்பெறும் பொறுப்புக் குழு ஒன்றை எழுத்தில் அமைத்து, கடவுச்சொற்களும் வன்தட்டுகளும் யாரிடம் இருக்கின்றன, வட்டம் கலைந்தால் அவை யாரிடம் போக வேண்டும் என்பதை அதே நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி, குழுவினர் எல்லோரும் கையெழுத்திடுங்கள்.